சத்து ஊசி என்று தன் கையால் எழுதியவள்

மாதனூர் சௌந்தர்யா ஊக்கமருந்து போட்டுக்கொண்டுதான் கால்பந்து விளையாடினாள் என்று ஊர் முழுக்கப் பேசியது. பேசினவர்களில் பாதிப் பேர் அதே மருந்தை மாதா மாதம் இடுப்பில் வாங்கிக்கொண்டவர்கள். அது அவர்களுக்குத் தெரியாது. சௌந்தர்யாவுக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்த நாளில் வந்த கோபம் அவளுக்கு இன்னும் இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியமும் இல்லை என்பது என் கட்சி.

அவளுக்கு இருபத்தாறு வயது, ஐந்தடி எட்டங்குலம். பள்ளிக்கூடத்தில் அவளை ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். இந்த ஏணியை என்ன செய்வது என்று யோசித்த பி.டி. வாத்தியார், கோல் கம்பத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உயரத்தில் வருகிற பந்தைத் தலையால் திருப்பி அனுப்புவதும், காலடியில் பந்தோடு வருகிறவளை மறிப்பதும் வேலை. அந்த வேலையை அவள் பிறகு விடவே இல்லை. வாணியம்பாடியில் நடந்த ஒரு டோர்னமெண்டில் அவள் ஆட்டத்தைப் பேரணாம்பட்டு லியாகத் அலி பார்த்தார். ஒரு காலத்தில் தோல் கம்பெனி டீமில் ஆடியவர், பிறகு பெங்களூரில் ஒரு பெண்கள் கிளப்புக்குக் கோச் ஆனவர். அவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார். பெரிய லீகில் ஆடுகிற கிளப். டி.வி.யில் காட்டுவார்கள்.

டி.வி.யில் காட்டுவார்களே தவிர, வருடம் பூராவும் சோறு போட மாட்டார்கள். லீக் ஐந்து மாதம். மிச்சம் ஏழு மாதம் சௌந்தர்யா காலை ஆறே முக்காலுக்கு மாதனூர் ரோட்டில் நின்று, அம்மா அம்பிகாவோடு கம்பெனி பஸ் ஏறுவாள். ஆம்பூர் பக்கத்தில் ஷூ கம்பெனி. இருவருக்கும் பேஸ்டிங் பிரிவு. ஷூவின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற இடம். அம்மாவுக்கு அங்கே ஒன்பது வருட சர்வீஸ். லீக் இல்லாத மாதங்களில் நீ எந்த ஜிம்முக்குப் போகிறாய் என்று பெங்களூர்ப் பெண்கள் கேட்டால், சௌந்தர்யா "பேஸ்டிங்" என்பாள். ஏதோ புது மாதிரி உடற்பயிற்சி என்று அவர்கள் தலையாட்டுவார்கள்.

பேஸ்டிங்கில் கை பாழாகும். பதனிட்ட தோலில் இருக்கிற மருந்தும் சொல்யூஷனும் சேர்ந்து விரலிடுக்கில் வெடிக்கும், மணிக்கட்டில் தடித்துக்கொண்டு முழங்கை வரை அரிப்பு ஏறும். கையுறை கொடுப்பார்கள், வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற அன்று மட்டும். மற்ற நாளில் கையுறை போட்டால் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாது, டார்கெட் குறையும், சூப்பர்வைசர் கத்துவான். ஆகவே வெறுங்கை. அரிப்பு தாங்காமல் ஆட்கள் லீவு போட்டால் ஷிப்மெண்ட் நின்றுவிடுமே, அதற்கும் கம்பெனி ஒரு வழி வைத்திருந்தது. டீ டைமில் கை மோசமானவர்களை எட்டு எட்டுப் பேராக டிஸ்பென்சரிக்கு அனுப்புவார்கள். அங்கே நர்ஸ் மெர்சி ஆளுக்கொரு ஊசி போடுவாள். மறுநாள் அரிப்பு நின்றிருக்கும். அந்த ஊசிக்குச் சத்து ஊசி என்று பெயர். டிஸ்பென்சரி ரெஜிஸ்டரிலும் அதே பெயர்தான், இங்கிலீஷில்: வைட்டமின். உடம்பில் சத்து கம்மி, அதனால் அரிக்கிறது, சத்து ஏற்றினால் நிற்கிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அம்பிகாவுக்கு முகம் உருண்டு, கன்னம் உப்பி, உடம்பு பூரித்தபோது பக்கத்து வீட்டுக்காரிகள் சத்து ஊசி அவளுக்கு நன்றாக ஒத்துக்கொண்டதென்று பொறாமைகூடப் பட்டார்கள்.

போன டிசம்பரில், கிளப்பின் பயிற்சி முகாமுக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், சௌந்தர்யாவும் அந்த எட்டுப் பேரில் ஒருத்தியாகப் போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே அது மூன்றாவதோ நாலாவதோதான்.

ஜனவரி கடைசியில் ஒரு மேட்ச். ஜெயித்தார்கள். மைதானத்தை விட்டு வெளியே வருகிறபோதே ஒரு பெண் வந்து, ஊக்கமருந்து சோதனைக்கு உன் பெயர் வந்திருக்கிறது என்று சொல்லிப் பக்கத்திலேயே நடந்துவந்தாள். அறைக்குள், கழிவறைக் கதவைத் திறந்துவைத்து, பனியனை மார்பு வரை தூக்கி, கால்சட்டையை முட்டிக்குக் கீழே இறக்கி, அந்தப் பெண் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்க, கோப்பையில் பெய்து கொடுக்க வேண்டும். மாற்றி வைத்துவிடுவார்களாம், அதற்காக. சௌந்தர்யாவுக்கு நாற்பது நிமிடம் வரவே இல்லை. நாலு பாட்டில் தண்ணீர் குடித்த பிறகுதான் வந்தது.

அப்புறம் ஒரு படிவம். கடந்த ஏழு நாளில் எடுத்துக்கொண்ட மருந்துகளை எழுதச் சொல்லியிருந்தது. ஏழு நாளில் அவள் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. கோடு போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் கேட்கிறவர்களிடம் ஒளிக்கக் கூடாது என்று வளர்ந்த பெண், பேனாவை வாங்கித் தன் கையால் எழுதினாள்: போன மாதம், கம்பெனியில், ஒரு வைட்டமின் ஊசி.

இந்த ஒரு வரிதான் அவளைக் கொன்றது.

மார்ச்சில் ஊக்கமருந்துச் சோதனைக்காரர்களிடமிருந்து மெயில் வந்தது. அவள் சிறுநீரில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இருக்கிறது. ஊசியாகப் போட்டால் இரண்டு மாதம் வரைகூடத் தங்குகிற ஜாதி. விசாரணை முடியும் வரை எந்த மேட்சிலும் இறங்கக் கூடாது. குற்றம் உறுதியானால் இரண்டு வருடத் தடை. வைட்டமின் என்று எழுதிக்கொடுத்திருக்கிறாளே, அதுவே அவள் பொய் சொன்னதற்கு ஆதாரம் என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தார்கள். ஒன்றுமே எழுதாமல் விட்டவளைவிட ஒளிக்காமல் எழுதியவள் பெரிய திருடியாகிவிட்டாள். என்ன நியாயமோ.

கிளப் செக்ரட்டரி அன்று சாயந்திரத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். அவள் பெட்டி கட்டி முடிப்பதற்குள் டீம் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் ஒரே அறையில், ஒரே கண்ணாடியில் தலை வாரின பெண் வாசலில் நின்று, "நீ ஏன் தொண்ணூறாவது நிமிஷத்துலகூட ஓடினேன்னு இப்பதான் புரியுது" என்றாள். சௌந்தர்யா எதற்கு ஓடினாள் என்றால், பத்து மணி நேரம் நின்றுகொண்டே ஷூ ஒட்டிய கால் அது. தொண்ணூறு நிமிடம் அதற்கு ஒரு பொருட்டில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லியாகத் அலி போன் செய்தபோது சௌந்தர்யா ரயிலில் இருந்தாள். குப்பம் ஸ்டேஷன் தாண்டியிருந்தது.

"எங்கிட்ட மட்டும் சொல்லு பேட்டா. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எவன் குடுத்தான்?"

"யாரும் குடுக்கல சார். நான் எதுவும் எடுக்கல."

"ரிப்போர்ட்ல வந்திருக்குதே."

"வந்திருக்கு சார். எப்படி வந்துச்சுன்னு தெரியல."

அவர், "உண்மைய சொன்னா தண்டனை கம்மி பண்ணுவாங்கன்னு சொல்றாங்க, யோசிச்சு பாரு" என்று வைத்துவிட்டார். பதினேழு வயதில் அவள் தலையில் கை வைத்து, இந்தப் பெண் பொய்யாட்டம் ஆட மாட்டாள் என்று கிளப்காரர்களிடம் சொன்ன மனிதர். மற்றவர்கள் பேசினதெல்லாம் தோலோடு போனது. இவர் கேட்டது உள்ளே இறங்கியது.

மாதனூரில் இறங்கினால், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவள் படம் போட்டுக் கம்பெனி வைத்திருந்த பேனர் இல்லை. 'எங்கள் தொழிலாளி, எங்கள் பெருமை' என்று எழுதிய பேனர். கட்டியிருந்த கயிறு மட்டும் கம்பத்தில் தொங்கியது. அப்பா ரத்தினசாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், அதிகம் பேசாதவர். அன்று மட்டும், "யார் கேட்டாலும் வாயக் குடுக்காத. அம்மா வேல அங்கதான இருக்குது" என்றார்.

மெயிலில் இருந்த மருந்தின் பெயரை சௌந்தர்யா போனில் தேடினாள். பலம் கூட்டும், தசை வளர்க்கும் என்று வரும் என எதிர்பார்த்தாள். வந்தது வேறு. ஒவ்வாமைக்கு, தோல் தடிப்புக்கு, தாங்க முடியாத அரிப்புக்கு என்று போட்டிருந்தது. அரிப்பு என்கிற சொல்லைப் படித்ததும் அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே டிஸ்பென்சரி வாசலில் போய் நின்றாள். மெர்சிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆம்பூர்க்காரி, காண்ட்ராக்டில் இருப்பவள், எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவள். அன்று சிரிக்கவில்லை.

"சிஸ்டர், டிசம்பர்ல எனக்குப் போட்டது இன்னா ஊசி?"

"ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கே."

"ரெஜிஸ்டர்ல இருக்கறத கேக்கல. ஊசில இருந்தத கேக்கறேன்."

மெர்சி கதவைச் சாத்தினாள். "பர்ச்சேஸ்ல இருந்து டப்பா வருது, நான் போடறேன். தோல் வியாதின்னு எழுதினா இன்ஸ்பெக்டர் வருவான், லைன நிறுத்துவான், அதனால இப்டி எழுதுன்னு சொன்னாங்க, எழுதறேன். நான் போடலன்னா நீங்களே இன்னாத்துக்கு போடலன்னு சண்டைக்கு வர்றீங்க. வர்றீங்களா இல்லியா?"

"இத ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க சிஸ்டர். என் பொழப்பே போகுது."

"எழுதித் தந்தா என் பொழப்பு போகும். ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு இருக்கேன்."

சௌந்தர்யா அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். மெர்சி தலையைக் குனிந்துகொண்டு பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். மெர்சி மேல் வந்த கோபத்தில் பாதி அங்கேயே வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஏனென்றால் அவள் சொன்னதில் ஒன்று உண்மை. ஊசி கேட்டுச் சண்டை போட்ட வரிசையில் சௌந்தர்யாவும் நின்றிருக்கிறாள்.

அடுத்து அவள் போனது கம்பெனி எச்.ஆர். மேனேஜர் இன்பராஜிடம். போன வருடம் பேனர் கட்டியபோது பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர். அவர் உட்காரச் சொல்லவில்லை. எங்கள் டிஸ்பென்சரியில் ஸ்டீராய்டு என்கிற பேச்சுக்கே இடமில்லை, வைட்டமின் ஊசி மட்டுமே போடப்படுகிறது, ரெஜிஸ்டர் நகல் இணைக்கப்பட்டுள்ளது என்று ஒரு கடிதம் தயாராகவே வைத்திருந்தார். அதை அவளிடம் கொடுக்கவில்லை. விசாரணைக்காரர்களுக்கு நேரே அனுப்பிவிட்டார். அவள் ஆதாரம் கேட்டுப் போன இடத்திலிருந்து அவளுக்கு எதிராக ஆதாரம் போயிற்று.

வக்கீல் ஃபிர்தௌஸைப் பற்றிச் சொன்னது கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒரு பெண்தான். மேல்விஷாரத்துக்காரி, வேலூர் கோர்ட்டில் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவள், முப்பது வயது. சௌந்தர்யா பைலைப் பிரித்து மருந்தின் பெயரைக் காட்டினாள். ஃபிர்தௌஸ் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கைக்குப் போட்டாங்களா?" என்றாள்.

சௌந்தர்யா இரண்டு கையையும் மேசை மேல் விரித்துக் காட்டினாள். இரண்டு மாதத்தில் அவளை முதலில் நம்பிய ஆள் இவள்தான். நம்பினாள் என்பதுகூடச் சரியில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எங்க ஊர்ல தோல் பதனிடற டேனரி ஆளுங்களுக்கு இதுதான் போடறாங்க, கிளினிக்குல. யாருக்கும் பேர் தெரியாது. ஆனா எனக்குத் தெரியறது வேற, அவங்களுக்கு நிரூபிக்கறது வேற. ரெஜிஸ்டர் வைட்டமின்னு சொல்லுது. காலி பாட்டில் கொண்டுபோனா நீயே வாங்கினேன்னு சொல்வாங்க. அந்த ஊசிய வாங்கின இன்னொரு உடம்பு வேணும். உன்ன மாதிரியே டெஸ்ட் பண்ணணும். யாராவது வருவாங்களா?"

சௌந்தர்யா கம்பெனி பஸ்ஸில் ஏறிக் கேட்டாள். நாற்பது பெண்கள். ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்து மூடினாள். ஒருத்தி, "பாக்டரி பேர கெடுத்து இன்னா ஆவப்போவுது சௌந்தர்யா, இதுவும் போச்சுனா எங்க போறது?" என்றாள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் சௌந்தர்யாவால் அன்று நியாயம் பார்க்க முடியவில்லை. உங்க எல்லாரையும் சேத்துதான் ஏமாத்தறான், உங்களுக்கு ரோஷமே கிடையாதா என்று பஸ் அதிரக் கத்தினாள். அம்பிகா மகளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்பிகாதான் அதிகம் திட்டினாள். கம்பெனியை வம்புக்கு இழுக்காதே, இரண்டு வருடம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்கு வா, அப்புறம் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்றாள். சௌந்தர்யா அம்மாவோடு நான்கு நாள் பேசவில்லை. சொந்த அம்மாவே பேசாமல் இருக்கச் சொன்னால் மற்றவர்களை என்ன சொல்வது?

ஐந்தாம் நாள் இன்பராஜ் அம்பிகாவை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். மகளை அடக்கிவை என்று சொல்லத்தான் கூப்பிட்டார். அதோடு விட்டிருந்தால் அம்பிகா சரிங்க சார் என்று கும்பிட்டுவிட்டு வந்திருப்பாள், ஒன்பது வருடமாக அப்படித்தான் வந்தாள். மனிதருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வெளியூர்ல தங்கி ஆடற பொண்ணு. யார் கூட சேர்ந்து எத போட்டுக்கிச்சோ. அத கொண்டாந்து எங்க தலையில கட்டுனா எப்படிம்மா?"

அம்பிகா கும்பிடவில்லை. லைனுக்கும் திரும்பிப் போகவில்லை. கேட் பாஸ் போட்டுக்கொண்டு, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாதி நாளில் வந்தாள்.

"அந்த வக்கீலம்மாகிட்ட இன்னா கேட்ட? ஊசி போட்ட இன்னொரு உடம்பா?" செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "இந்தா, இது இருக்குதுன்னு சொல்லு. எனக்கு அது போன வாரம்தான் ஏத்துனாங்க."

ஐதராபாத்தில் இருக்கிற ஒரு பெரிய லேபுக்கு வேலூரில் கிளை இருந்தது. விசாரணைக்காரர்கள் குறை சொல்ல முடியாதபடி எல்லாம் அதே முறையில் நடக்க வேண்டும் என்று ஃபிர்தௌஸ் கறாராக இருந்தாள். முத்திரை வைத்த பாட்டில், வீடியோ, நேரம், சாட்சிக்கு ஒரு பெண் டாக்டர். அப்படியென்றால் கதவும் திறந்துதான் இருக்க வேண்டும். சௌந்தர்யா தன் சோதனையைப் பற்றி ஒரு முறை சொன்னபோது அம்பிகா காதைப் பொத்திக்கொண்டு, சீச்சீ, இப்படியெல்லாமா கேட்பார்கள் என்றவள். பெற்ற மகள் முன்னால்கூடச் சேலை மாற்றாதவள். நாற்பத்தெட்டு வயதில், ஒரு அந்நிய டாக்டருக்கு முன்னால், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சௌந்தர்யா வெளியே சுவரில் சாய்ந்து நின்றாள். டாக்டர் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"பாரும்மா. நல்லா பாரு. அப்புறம் பாக்கல, மாத்திட்டானுங்கன்னு சொல்லக் கூடாது."

சௌந்தர்யா ஒரு முறைகூட அழாத பெண். மெயில் வந்த அன்றும் அழவில்லை. அங்கே, அந்தச் சுவரோரம், வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். துக்கத்தில் இல்லை. அவ்வளவு கோபத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு வேறு இடம் இல்லை.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. அதே மருந்து. சௌந்தர்யாவின் உடம்பில் இருந்ததைப் போல எத்தனையோ மடங்கு. அதோடு இரத்தத்தையும் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண் டாக்டரே போன் செய்து வரச்சொல்லி, ஃபிர்தௌஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். இது வருடக்கணக்கில் ஏறியிருக்கிறது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் ஏறக்குறைய நின்றுபோயிருக்கிறது. முகம் உப்பியது இதனால். லேசாக இடித்தாலே கை கன்றிப்போவது இதனால். அவளுக்கு இருக்கிற சர்க்கரை வியாதியும் இதனாலேயே வந்திருக்கலாம். எலும்பைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கே ஊசியை நிறுத்திவிடுகிறேன் என்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து; மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

"சர்க்கரை வயசுக்கு வந்ததுன்னு இல்ல நெனச்சேன்" என்றாள் அம்பிகா. திரும்பி வருகிற பஸ்ஸில் தன் கன்னத்தை ஒரு விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரிப்போர்ட் விஷயம் பரவினதும் லியாகத் அலி போன் செய்தார். குரல் கம்மியிருந்தது. தப்பு பண்ணிட்டேன் பேட்டா, மனசுல வெச்சுக்காத என்றார்.

"நீங்க கேட்டதுக்கு ரயில்ல வர்றப்பவே பதில் சொல்லிட்டேன் சார். ஒரு லேப் சொன்ன பிறகுதான் அது உங்க காதுல விழுந்துருக்கு" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவரும் அதைப் புரிந்துகொண்டு வைத்துவிட்டார்.

ஆகஸ்டில் விசாரணை. டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, வீடியோவில்தான். வேலூரில் ஃபிர்தௌஸின் ஆபீசில் ஒரு லேப்டாப். திரையில் மூன்று பேர்: தலைமையில் ஒரு ரிட்டையர்டு நீதிபதி, ஒரு டாக்டர், ஒரு பழைய ஓட்டப்பந்தய வீரர். இந்தப் பக்கம் சௌந்தர்யா, ஃபிர்தௌஸ், சாட்சியாக அம்பிகா. ஃபிர்தௌஸ் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். கம்பெனிக் கடிதத்தைப் படித்தாள், பக்கத்திலேயே அம்பிகாவின் ரிப்போர்ட்டைப் படித்தாள். வைட்டமின் மட்டுமே போட்ட உடம்பில் இது எப்படி வந்தது என்று கேட்டாள். திரையில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த எண்களை இரண்டு தடவை திரும்பப் படிக்கச் சொன்னார்.

அரை மணி நேரம் அவர்கள் தனியாகப் பேசினார்கள். திரும்பி வந்து, முடிவை வாயால் சொன்னார்கள். தீர்ப்புத் தாள் பிறகு வரும். சௌந்தர்யா வேண்டுமென்று எடுத்துக்கொள்ளவில்லை என்பதை ஏற்கிறோம். படிவத்தில் அவள் எழுதியது பொய் இல்லை, நம்பி எழுதியது. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரி தன் உடம்பில் எது ஏறினாலும் அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காதது அவள் தவறு. அதற்கு ஆறு மாதம். ஐந்து மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. அடுத்த லீகில் ஆடலாம்.

ஃபிர்தௌஸ் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். சௌந்தர்யாவால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. எட்டு எட்டுப் பேராக வரிசையில் நிற்கிறவள் ஊசியின் பெயரைக் கேட்டால் கிடைக்கிற பதிலே அந்த ரெஜிஸ்டரில் இருக்கிற பதில்தானே. இதை இவர்களுக்கு எந்த மொழியில் சொல்வது?

நீதிபதி எல்லாருக்கும் நன்றி சொல்லி முடிக்கப் போனார். அம்பிகா ஃபிர்தௌஸின் கையைத் தொட்டாள்.

"இன்னா சொன்னாரு? ஆறு மாசமா?"

"ஆமாம்மா. பேர கேக்காம விட்டதுக்கு."

"நான் ஒண்ணு கேக்கலாமா அவர்கிட்ட?"

ஃபிர்தௌஸ், சாட்சி ஒரு வார்த்தை பேச விரும்புகிறார் என்று இங்கிலீஷில் சொன்னாள். நீதிபதி தலையாட்டினார். அம்பிகா லேப்டாப்பைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. லைனில் சூப்பர்வைசரிடம் சொல்யூஷன் வேண்டும் என்று கேட்கிற குரல்.

"ஐயா, எம்பொண்ணு உடம்புல நீங்க பாத்தது ஒரே ஒரு ஊசி. அதுக்கு அவளக் கூப்பிட்டு, நிக்க வெச்சி, ஆறு மாசம் வேலைக்கு வராதன்னீங்க. சரி. எனக்கு ஒம்போது வருசமா மாசம் ஒண்ணு போட்டிருக்குறாங்க. நானும் பேரு கேக்கல. நாளைக்குக் காலைல ஆறே முக்காலுக்கு எனக்கு பஸ் வரும். எனக்கு எத்தினி வருசம் தடை போடுவீங்க?"

ஃபிர்தௌஸ் ஒரு வார்த்தை விடாமல் அதை இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் மேசையைப் பார்த்தார். ஓட்டப்பந்தய வீரர் நீதிபதி இருக்கிற பக்கம் பார்த்தார். நீதிபதி, இது எங்கள் வரம்புக்கு வெளியே இருக்கிற விஷயம், குறித்துக்கொள்ளப்படுகிறது என்றார். திரை ஒவ்வொரு கட்டமாக அணைந்தது.

"நான் கேட்டது அவருக்கு வெளங்குச்சாமா?" என்றாள் அம்பிகா.

"வெளங்குச்சும்மா" என்றாள் சௌந்தர்யா.